“மாத்திரை போடறீங்களா?” – சேத்துப்பட்டில் ஒரு மூத்திரப் பரிசோதனையின் கதை

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க. வீட்ல பிபி, சுகர், டிபின்னு தினமும் மாத்திரை போடறவங்க யாராவது இருந்தா அவங்களையும் மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல ஒரு தப்பை ஒத்துக்கிறேன். என் தப்பு.

பனமரத்துப்பட்டி பக்கத்துல ஒரு கிராமம். அறுபது தாண்டின ஒரு பாட்டி. அரளித் தோட்டத்துல மொட்டு பறிக்கிற வேலை. (யாருன்னு தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) சேலம் ஆளுங்களுக்குத் தெரியும், இந்தப் பக்கம் அரளி நிறைய. மொட்டு விரியறதுக்கு முன்னாடி பறிக்கணும். அதனால இருட்டுலயே கிளம்பிடுவாங்க.

ஓபிக்கு வந்தப்போ பிபி 180/110. ஏற்கனவே ஆம்லோடிபின் 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்திருந்தது.

“மாத்திரை ஒழுங்கா போடறீங்களா பாட்டி?”

“போட்டுட்டுத்தான் சாமி இருக்கறேன்.”

சரின்னு 10 ஆக்கினேன். அடுத்த மாசம் வந்தாங்க. இறங்கவே இல்ல. அதே கேள்வி, அதே பதில். எனலாப்ரில் சேர்த்தேன். அடுத்த மாசமும் அதே கதை. நீர் மாத்திரையும் சேர்த்தேன். மூணு மாசத்துல ஒரு மாத்திரை மூணு விதமாச்சு. புத்தகப்படி எல்லாம் சரியாத்தான் செஞ்சேன்.

அப்புறம் கோயில் பண்டிகைக்கு மக ஊருக்கு வந்திருக்கா. பரண்ல ஒரு மஞ்சப்பை நிறைய பிரிக்காத மாத்திரை அட்டையைப் பார்த்திருக்கா. அம்மாவைத் திட்டி, பக்கத்துல உட்கார்ந்து, சீட்டுல எழுதினபடி மூணையும் வேளை தவறாம கொடுத்திருக்கா. நல்ல மக. ஒரு வாரம் ஆகல. பாட்டி பின்கட்டுல தலை சுத்தி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சு வந்தாங்க. பிபி 90/60.

யோசிச்சுப் பாருங்க. மாத்திரையே போடாத ஒருத்தருக்கு நான் மாத்திரையை ஏத்திக்கிட்டே போயிருக்கேன். அதையெல்லாம் ஒரு நாள் அவங்க உண்மையாவே சாப்பிட்டதும் விழுந்துட்டாங்க.

கட்டுப் போட்டு முடிச்சு ஏன் போடலைன்னு கேட்டேன். இந்தத் தடவை நிஜமாவே கேட்டேன். அவங்க சொன்னது: “நீங்கதானே சாமி சாப்புட்டுட்டு காலைல போடச் சொன்னீங்க. நான் காலைல எங்க சாப்புடறேன்? பூவு பொறுக்கிட்டு வந்து சாப்புட பத்து பதினோரு மணி ஆயிரும். அது காலையா, மத்தியானமா? சாப்புடாம போட்டா குடலு வெந்துரும்னாங்க. அதான் வெச்சுட்டேன்.”

ஆம்லோடிபினை சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டாலும் பின்னாடி போட்டாலும் ஒண்ணுதாங்க. “சாப்பிட்டுட்டுப் போடுங்க”ங்கிறது எங்க வாயில தானா வர்ற வாக்கியம். அந்த ஒரு வாக்கியம்தான் அவங்களை நாலு மாசம் மருந்து இல்லாம வச்சிருக்கு.

இதை ஒரு சீனியர்கிட்ட சொன்னேன். “ஃபாக்ஸ் எழுதினது படிச்சிருக்கியா? நம்ம மெட்ராஸ்ல நடந்தது”ன்னார். அந்தக் கதையைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

1950களின் நடுப்பகுதி. இந்தியாவில் காசநோயாளிகள் லட்சக்கணக்கில். அவங்களுக்கான ஆஸ்பத்திரிப் படுக்கைகள் அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே வராது. டிபி வந்தா சானடோரியத்துல சேரணும், மாசக்கணக்குல ஓய்வு எடுக்கணும், நல்ல காத்து, பால், முட்டை, கறி வேணும். உலகம் முழுக்க டாக்டர்கள் நம்பின வழி அதுதான். தாம்பரம் தாண்டாம ரயில்ல போனவங்க “தாம்பரம் சானடோரியம்”னு ஒரு ஸ்டேஷன் போர்டைப் பார்த்திருப்பீங்க. டாக்டர் சௌரிமுத்து 1928-ல் தொடங்கின காசநோய் மருத்துவமனையால வந்த பேரு அது.

இதுக்குள்ள மருந்துகள் வந்துடுச்சு. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ்னு சுருக்கமா சொல்ற பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும். 1952-ல் ஐசோனியாசிட். ஒத்தை மருந்து கொடுத்தா கிருமி அதுக்குப் பழகிடும், ரெண்டு மருந்தாவது சேர்த்துக் கொடுக்கணும்னு பிரிட்டனில் நடந்த சோதனைகள் காட்டியாச்சு. இப்போ கேள்வி இதுதான்: கையில இவ்வளவு நல்ல மருந்து இருக்கும்போது படுக்கை எதுக்கு? மருந்தைக் கொடுத்து வீட்டுக்கே அனுப்பினா என்ன?

இதைச் சோதிச்சுப் பார்க்க 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கினாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாலும் சேர்ந்து. இன்னைக்கு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்னு பேர் மாறி அதே சேத்துப்பட்டில் இருக்கு. ஸ்பர் டேங்க் ரோடு வழியா போறவங்க பார்த்திருக்கலாம். ஆரம்ப வருஷங்களில் அந்த மையத்தை நடத்தினவர் வாலஸ் ஃபாக்ஸ்ங்கிற பிரிட்டிஷ் டாக்டர். கூட இருந்த டாக்டர்கள், நர்சுகள், ஹெல்த் விசிட்டர்கள், புள்ளியியல் ஆட்களில் பெரும்பாலானவங்க நம்ம ஊர்க்காரங்க.

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பாதி சானடோரியத்துக்கு. மறு பாதி அவங்க அவங்க வீட்டுக்கு. மருந்து ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்: ஐசோனியாசிட், பாஸ், ஒரு வருஷம்.

சானடோரியத்துல கட்டில், ஓய்வு, சத்தான சாப்பாடு. வீட்ல இருந்தவங்களுக்கு ஒத்தை அறைக் குடிசை, அரைகுறை சாப்பாடு. பலர் வேலைக்கும் போய்க்கிட்டு இருந்தாங்க. ஒரு வருஷம் கழிச்சு சளியில கிருமி அடங்கினவங்க எவ்வளவுன்னு பார்த்தாங்க. சானடோரியத்தில் 92 சதவீதம். வீட்டில் 86 சதவீதம்.

1959-ல் இது வெளியானப்போ உலகமே திரும்பிப் பார்த்துச்சு. அந்த வீட்டுக்கும் அந்த சானடோரியத்துக்கும் இருந்த வித்தியாசத்தோட ஒப்பிட்டா, 92-க்கும் 86-க்கும் இருக்கிறது சின்ன இடைவெளி. அப்புறம் அதே குடும்பங்களைத் தொடர்ந்து கவனிச்சாங்க. நோயாளி வீட்லயே இருந்ததால கூட இருந்தவங்களுக்கு அதிகமா தொற்றிடுச்சுன்னும் இல்ல. உலகத்தின் சானடோரியங்கள் ஒண்ணொண்ணா மூடப்பட்டதுக்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். இது பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்க வேண்டிய கதைன்னு எனக்குத் தோணும். நானே எம்பிபிஎஸ்-ல இதை ஒரு வரியாத்தான் படிச்சேன்.

இது பாதிக் கதை. பாஸ் மருந்து எப்படி இருக்கும்னு தெரிஞ்சாதான் மீதி புரியும்.

ஒரு நாளைக்கு 10 கிராம் அளவுக்கு விழுங்கணும். மில்லிகிராம் இல்ல, கிராம். நீங்க போடற பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை மாதிரி இருபது போடறதா கணக்கு வச்சுக்குங்க. குமட்டும், வாந்தி வரும், வயித்தால போகும். இதை ஒரு வருஷம், தினமும். ரெண்டு மூணு மாசத்துல இருமல் நின்னு, உடம்பு தேறி, “எனக்கு ஒண்ணும் இல்லையே”ன்னு தோண ஆரம்பிச்ச அப்புறமும்.

வீட்ல இருக்கிறவங்க இதை நிஜமாவே சாப்பிடறாங்களான்னு ஃபாக்ஸ் குழுவுக்கு சந்தேகம். கேட்டா எல்லாரும் “சாப்பிடறோம்”னாங்க. அதனால ஹெல்த் விசிட்டர்களைச் சொல்லாம கொள்ளாம வீட்டுக்கு அனுப்பினாங்க. போன உடனே ரெண்டு வேலை. மிச்சம் இருக்கிற மருந்தை எண்ணணும். ஒரு சின்ன பாட்டில்ல மூத்திரம் வாங்கணும். பாஸ் சாப்பிட்டவங்க மூத்திரத்துல ஃபெர்ரிக் குளோரைடு விட்டா சிவப்பு கலந்த ஊதா நிறம் வரும். சாப்பிடலைன்னா வராது. அவ்வளவுதான் டெஸ்ட்.

சிலரோட பாட்டில்ல நிறம் வரல.

ஃபாக்ஸ் 1958-ல் இதையே தலைப்பா வச்சு ஒரு கட்டுரை எழுதினார். நோயாளி தானா மருந்து எடுத்துக்கிறதுல இருக்கிற சிக்கல்தான் அதன் பொருள். இது ஏதோ மெட்ராஸ் ஏழைங்க பிரச்சினைன்னு நினைச்சிடாதீங்க. அதே 1950களில் பிரிட்டனிலேயே பாஸ் வாங்கிட்டுப் போன வெளிநோயாளிகளின் மூத்திரத்தைச் சோதிச்சப்போ அங்கேயும் நிறம் வராத பாட்டில்கள் இருந்துச்சு. கிரேக்க ஹிப்போகிரட்டிஸ் பேர்ல இருக்கிற பழைய நூல்லயே, நோயாளிகள் மருந்து சாப்பிட்டதா பொய் சொல்லுவாங்க, கவனமா இருன்னு டாக்டர்களுக்கு எச்சரிக்கை இருக்கு. 2003-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு அறிக்கை போட்டது: நாள்பட்ட நோய்களுக்கு மருந்தைச் சொன்னபடி எடுத்துக்கிறவங்க வளர்ந்த நாடுகளிலேயே சராசரியா 50 சதவீதம்தான். பாதிப் பேர்!

இன்னொண்ணு எங்களுக்குக் கசப்பானது. யார் மருந்து போடறாங்க, யார் போடறதில்லைன்னு மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிடுவோம்னு நாங்க நினைக்கிறோம். பிற்கால ஆய்வுகள் இதைச் சோதிச்சுப் பார்த்திருக்கு. டாக்டர்களோட கணிப்பு காசு சுண்டிப் பார்க்கிறதைவிடப் பெருசா ஒண்ணும் மேல இல்ல. படிச்சவர், படிக்காதவர், வசதியானவர், கூலிக்காரர், பணிவா தலையாட்டறவர், எதிர்த்துப் பேசறவர் எதை வச்சும் சொல்ல முடியாது. மஞ்சப்பை பாட்டி ரொம்பப் பணிவானவங்க.

சரி, சென்னைக் குழு இதுக்கு என்ன பண்ணாங்க? தினமும் வீட்ல சாப்பிடறது நடக்கலைன்னா, வாரத்துக்கு ரெண்டே நாள் கிளினிக்குக்கு வரச் சொல்லுவோம், நம்ம கண்ணு முன்னாடி ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் அதிக அளவு ஐசோனியாசிடும் கொடுத்துடுவோம்னு ஒரு சோதனை. 1964-ல் முடிவு வெளியாச்சு. தினமும் வீட்ல தானா சாப்பிட்டவங்களைவிட எந்த விதத்திலும் குறைவில்லை. பின்னால உலகம் முழுக்கப் போன “கண் முன்னாடி மருந்து” முறைக்கு விதை போட்ட இடங்களில் சேத்துப்பட்டும் ஒண்ணு.

1993-ல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலக அவசரநிலைன்னு அறிவிச்சது. அடுத்த ஒண்ணு ரெண்டு வருஷத்துல “டாட்ஸ்”ங்கிற பேர் வந்துச்சு. இந்தியாவில் 1997 முதல் அது தேசியத் திட்டம். நோயாளி பேர் எழுதின ஒரு அட்டைப் பெட்டி, அவரோட மொத்த சிகிச்சைக்கான மருந்தும் அதுக்குள்ள. வாரத்துக்கு மூணு நாள் சுகாதார நிலையத்துக்கோ, அங்கன்வாடிக்கோ, பொறுப்பெடுத்துக்கிட்ட யாராவது ஒருத்தர்கிட்டயோ போய், அவங்க பார்க்க விழுங்கணும்.

இது லட்சக்கணக்கான உயிரைக் காப்பாத்தின திட்டம். அதைக் குறைச்சுச் சொல்ல நான் யாரும் இல்ல. ஆனா விசைத்தறியில ஷிஃப்ட் பார்க்கிற ஒருத்தரா நினைச்சுப் பாருங்க. வாரத்துல மூணு நாள் தறியை நிறுத்திட்டுப் போகணும், கூலி போகும். லாரி ஓட்டறவரா இருந்தா? நாமக்கல், சங்ககிரி பக்கம் எத்தனை பேர்! சங்ககிரியில வண்டி எடுத்தா நாக்பூர் போய்த்தான் இறங்குவாங்க. எந்த அங்கன்வாடியில போய் விழுங்குவாங்க? கல்யாணம் ஆகாத பொண்ணா இருந்தா, அந்த அட்டைப் பெட்டி இருக்கிற இடத்துக்கு வாரம் மூணு தடவை போனா தெருவுக்கே தெரிஞ்சுடுமே.

வராதவங்களுக்குப் பதிவேட்டுல ஒரு பேர் வச்சிருந்தோம்: டிஃபால்ட்டர். பேங்க்ல கடன் கட்டாதவங்களைச் சொல்ற அதே வார்த்தை. 2013-ல் உலக சுகாதார நிறுவனம் அந்த வார்த்தையை எடுத்துட்டு “தொடர்பு விட்டுப்போனவர்”னு மாத்துச்சு. ஓபியில இன்னும் பழைய வார்த்தை காதுல விழும். என் வாயிலயும் வந்திருக்கு.

வாரம் மூணு நாள் முறை 2017-ல் போய், எல்லா மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரையா, எடைக்குத் தகுந்த எண்ணிக்கையில, தினமும்னு ஆச்சு. தினமும் கூப்பிட்டு விழுங்க வைக்க முடியாதே? அதுக்கு ஒரு யோசனை: 99 டாட்ஸ். மாத்திரையைப் பிதுக்கினா அட்டையில மறைஞ்சிருக்கிற ஒரு போன் நம்பர் தெரியும். அதுக்கு மிஸ்டு கால் கொடுக்கணும். கால் வந்தா மாத்திரை போட்டாச்சுன்னு கம்ப்யூட்டர்ல பதிவாகும்.

கால் வந்தா மாத்திரை உள்ள போச்சுன்னு எப்படி நம்பறது? சென்னை, வேலூர், மும்பையில அதையும் சோதிச்சாங்க. எப்படின்னு நினைக்கறீங்க? சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போய் மூத்திரம் வாங்கி! 2020-ல் வெளியான அந்த முடிவுப்படி போன் கணக்கும் மூத்திரக் கணக்கும் சரியா ஒத்துப் போகல. மாத்திரை போட்டுட்டு போன் பண்ணாதவங்க நிறைய. போன் பண்ணிட்டு மாத்திரை போடாதவங்களும் இருந்தாங்க. அறுபது வருஷம், செல்போன், கம்ப்யூட்டர் எல்லாம் தாண்டி, அதே சென்னையில அதே பாட்டில்.

கண்காணிக்கிறது மட்டுமே போதுமாங்கிறதையும் நிறையப் பேர் ஆராய்ஞ்சிருக்காங்க. பல நாடுகளின் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தப்போ, “விழுங்கறதை நின்னு பார்க்கிறது” ஒண்ணை மட்டும் தனியா எடுத்தா, வீட்ல தானா போடறவங்களைவிட குணமாகிறவங்க எண்ணிக்கையில உறுதியான லாபம் தெரியல.

இந்த இடத்துல எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. சேத்துப்பட்டு ஆய்வில் இருந்து உலகம் ரெண்டு பாடம் எடுத்திருக்கலாம். ஒண்ணு, நோயாளி சொல்றதை நம்பாதே, பரிசோதி. அதை நல்லாவே எடுத்துக்கிட்டாங்க. இன்னொண்ணு, அந்த 86 சதவீதம் எப்படி வந்துச்சுங்கிறது. ஒத்தை அறை வீடு, மோசமான சாப்பாடு, குமட்டற மருந்து. அப்படியும் நூத்துக்கு எண்பத்தாறு! மருந்து நல்ல மருந்து, சரி. ஆனா அந்த வீடுகளுக்கு யாரோ போய்க்கிட்டே இருந்தாங்க. பாட்டில் வாங்கப் போன அதே ஹெல்த் விசிட்டர்தான் வீட்ல அடுப்பு எரியுதா, மாமியார் என்ன சொல்றாங்க, வாந்தி எடுத்தா என்ன பண்றாங்கன்னு பார்த்தவங்களும். இதை எந்த அட்டவணையிலயும் நான் படிக்கல. கிராமத்துல நர்சம்மா வீட்டுக்குப் போறதைப் பார்த்துப் பழகினவனா சொல்றேன். ஒரு ஆள் போன இடத்துல கேள்வி மட்டுமா நடக்கும்?

திருக்குறள்ல மருந்து அதிகாரத்தோட கடைசிக் குறள் வைத்தியத்துக்கு நாலு பங்கு சொல்லுது. நோயாளி, மருத்துவர், மருந்து, அப்புறம் பக்கத்துல இருந்து கவனிக்கிறவர். அந்த நாலாவது ஆளை நாம மேஸ்திரி ஆக்கிட்டோம்னு எனக்கு அடிக்கடி தோணும்.

ஏன் போடறதில்லைங்கிறதுக்கு வர்றேன். மஞ்சப்பைக்கு அப்புறம் நான் நிறையக் கேட்க ஆரம்பிச்சேன். “மறந்துட்டேன்”னு சொல்றவங்க நிறைய. ஆனா அதைத் தாண்டி வர்ற பதில்கள்தான் என்னை யோசிக்க வைக்குது.

ரத்தம் எடுக்கிற நாள். “வெறும் வயித்துல வரச் சொன்னீங்க, அதான் மாத்திரையும் போடல.” சுகர் மாத்திரைக்கு அது சரி. பிபி மாத்திரையையும் சேர்த்து விட்டுட்டு, பஸ் பிடிச்சு, வரிசையில நின்னு வந்தா அன்னைக்கு பிபி ஏறித்தான் இருக்கும். நாங்க அதைப் பார்த்து இன்னொரு மாத்திரை சேர்ப்போம்.

கறி. தாத்தா பாட்டி காலத்துல இருந்து மருந்துன்னா பத்தியம். நாட்டு வைத்தியத்துல மருந்துக்குத் துணையா தேன், நெய், வெந்நீர்னு அனுபானம் சொல்லுவாங்க. எது சாப்பிடலாம், எது கூடாதுன்னும் சொல்லுவாங்க. அந்த அறிவு நம்ம ஜனங்க உடம்புல ஊறிப் போயிருக்கு. நாங்க “பத்தியம் ஒண்ணும் கிடையாது”ன்னு ஒரு வார்த்தை சொல்றதில்ல. அதனால ஞாயித்துக்கிழமை கறி எடுத்தா அன்னைக்கு மாத்திரை கிடையாது. கெடா விருந்துன்னா மூணு நாள் கிடையாது. தண்ணி அடிக்கிற அன்னைக்கும் கிடையாது. இது அறியாமை இல்லைங்க. நாங்க காலியா விட்ட இடத்தை அவங்க தெரிஞ்சதை வச்சு நிரப்பிக்கிறாங்க.

நிறம். போன மாசம் வெள்ளை மாத்திரை, இந்த மாசம் அதே மருந்து மஞ்சள்ல வரும். அரசு கொள்முதல்ல கம்பெனி மாறும், நிறமும் அளவும் மாறும், உள்ள இருக்கிறது மாறாது. யாரும் சொல்லலைன்னா அவங்க பழசையும் புதுசையும் சேர்த்துப் போடுவாங்க, இல்லைன்னா புதுசை ஒதுக்கி வச்சுடுவாங்க.

டிபி மருந்துல ரிஃபாம்பிசின் மூத்திரத்தை ஆரஞ்சு சிவப்பா மாத்தும். அது எதிர்பார்த்ததுதான், ஆபத்து இல்ல. ஆனா முதல் நாளே இதைச் சொல்லாம அனுப்பினா, மறுநாள் காலைல அந்த மனுஷன் ரத்தம் போகுதுன்னு பயந்து நிறுத்தாம என்ன செய்வார்? “மருந்து சூடு, ஒத்துக்கல”ன்னுதான் சொல்லுவார்.

நீர் மாத்திரையை எடுத்துக்கிட்டா, அதைப் போட்டா கொஞ்ச நேரத்துல ரெண்டு மூணு தடவை போக வேண்டியிருக்கும். பஸ்ல சேலம் போற அன்னைக்கு எந்தப் பொம்பளை அதைப் போடுவாங்க? தோட்டத்துல, தறிக்கூடத்துல கக்கூஸ் எங்க இருக்கு? இதை நாங்க கேட்டு நேரத்தை மாத்திக் கொடுத்தா முடிஞ்சு போற விஷயம். கேட்கறதில்ல. நாலஞ்சு நிமிஷம் ஆகும். ஓபியில ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம்கூடக் கிடைக்காது. இது சாக்கு இல்ல, நிலைமை.

அப்புறம் எல்லாத்துக்கும் மேல, “நல்லாத்தானே இருக்கேன்.” பிபிக்கு வலி கிடையாது. டிபிக்கு ரெண்டு மாசத்துல இருமல் நின்னுடும். ஆனா கிருமி முழுசா ஒழிய குறைஞ்சது ஆறு மாசம். நடுவுல விட்டா மிச்சமிருக்கிற கிருமி திரும்பவும் பெருகும், மருந்துக்கு அசையாததாவும் மாறலாம். அப்புறம் சிகிச்சை நீளம், மருந்து கடுமை. இதை மட்டும் தயவுசெஞ்சு யாரும் நீங்களா நிறுத்தாதீங்க. வாந்தியோ, கண் மஞ்சளோ, கால் மரமரப்போ, எதுவா இருந்தாலும் வந்து சொல்லுங்க. மாத்திக் கொடுக்க வழி இருக்கு. பிபி மருந்துகளிலும் அட்டெனலால் மாதிரி சிலதைத் திடீர்னு நிறுத்தினா நெஞ்சுவலி வரைக்கும் போகலாம்.

இன்னும் ஒரு காரணம் இருக்கு. எங்களைப் பார்த்து பயம். “போடலை”ன்னு சொன்னா திட்டுவோம். வரிசையில நிக்கிற அத்தனை பேர் முன்னாடியும் திட்டுவோம். பொய் சொல்றது நோயாளியோட குணம்னு ஹிப்போகிரட்டிஸ் காலத்துல இருந்து சொல்லிட்டு வர்றோம். அந்தப் பொய்யில பாதி நாங்க கேட்கிற தோரணையால வர்றது.

இப்போ நான் “மாத்திரை போடறீங்களா?”ன்னு கேட்கறதில்ல. அதுக்கு ஒரே பதில்தான் வரும். “எல்லாருக்கும் சில நாள் விட்டுப்போகும். உங்களுக்கு போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?”ன்னு கேட்கறேன். ஆச்சரியமா இருக்கும், பலர் விரல் விட்டு எண்ணுவாங்க. “மூணு. இல்ல, நாலு.” அப்புறம் வீட்ல மிச்சம் இருக்கிற மாத்திரை அத்தனையையும் பையோட எடுத்துட்டு வரச் சொல்லுவேன். ஃபாக்ஸ் ஆட்கள் எண்ணின மாதிரியே நானும் எண்ணுவேன். திட்ட இல்ல, புதுசா ஏத்தறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க.

2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினப்போ, வீட்டுக்கே பிபி, சுகர் மாத்திரை வருதுன்னுதான் எல்லாரும் பேசினாங்க. எனக்கு அதுல முக்கியமாப் பட்டது மாத்திரை இல்ல. ஒரு ஆள் அந்த வீட்டு வாசலுக்குப் போறாங்க. பரண்ல மஞ்சப்பை தொங்கினா அவங்க கண்ணுலதான் முதல்ல படும். அவங்களுக்குக் கொடுக்கிற வேலைகள்ல “எண்ணிப் பாரு, ஏன்னு கேளு” என்கிறதுக்கும் நேரம் விட்டா, 1956-ல் சேத்துப்பட்டுல இருந்து கிளம்பின அந்த ஹெல்த் விசிட்டர்களோட மீதி வேலையும் நடக்கும்.

பாட்டிக்கு வர்றேன். மணிக்கட்டு கூடிடுச்சு. மூணு மாத்திரையில ரெண்டை நிறுத்தினேன். பழைய ஆம்லோடிபின் 5 ஒண்ணே ஒண்ணு. எப்போ போடறதுன்னு அவங்களையே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. “ராத்திரி எட்டு மணிக்கு நாடகம் முடியும். அப்பப் போட்டுக்கட்டா?”

“சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் போடலாம் பாட்டி.”

“கறி தின்னாலும்?”

“கறி தின்னாலும்.”

அடுத்த மாசம் பிபி 140/86. ஓபி சீட்டு எழுதிக் கொடுத்தேன். எந்திரிச்சவங்க வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாங்க.

“ஞாயித்துக்கிழமை நாடகம் இல்லீங்களே சாமி. அன்னைக்கு என்ன பண்றது?”